எல்லைப்புற நாவலோடு டெக்சாஸில் ஒரு வருடம்: கையெழுத்து மேசைக்கும் விருதுக்கும் போகும் வழி

என் முதல் கையெழுத்து நிகழ்ச்சியில் மூன்று பிரதிகள் விற்றன. ஒன்றை வாங்கியவர் என் மனைவியின் அலுவலகத் தோழி. இரண்டாவது ஆள் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர். பாவம், பேச்சுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். மூன்றாமவர் தொப்பி போட்ட ஒரு வயதான பண்ணைக்காரர். அவரைப் பற்றி நான்காவது படியில் சொல்கிறேன்.

நான் காங்கேயம் பக்கத்துக்காரன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து விலை பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன். பிழைப்புக்கு டாலஸ் பக்கம் வந்த இடத்தில் நீளக்கொம்பு மாடுகளைப் பார்த்ததும் பழைய பித்து திரும்பிவிட்டது. 1871இல் சிஷோம் தடத்தில் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு மாடு ஓட்டிப்போகும் கூட்டத்தின் சமையல்காரனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினேன். எழுத மூன்று வருடம். அதை ஆட்கள் கையில் சேர்க்கத் தெரியாமல் ஒரு வருடமும் கணிசமான டாலரும் வீண். அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்த மாதிரி மேற்கு எல்லைப்புறக் கதையை எழுதி, சொந்தமாகவோ சிறு பதிப்பகம் வழியாகவோ போடப்போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் விசா, அப்புறம்தான் மேசை

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் விசா வாங்கிக்கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். மேசை போட்டு உட்கார்ந்து புத்தகம் விற்றுக் காசு வாங்குவது சுயதொழில் என்ற கணக்கில் வரக்கூடும். எஃப்-1 மாணவர்களுக்கும் இதே சிக்கல். கிரீன் கார்டு, குடியுரிமை, அல்லது வேலை அனுமதி அட்டையுள்ள ஹெச்-4 (ஹெச்-1பிகாரரின் துணைக்கான விசா) என்றால் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். நண்பர்களின் வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள்.

2. வெளியீட்டுத் தேதியை விருதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான் செய்த பெரிய தப்பு டிசம்பர் நடுவில் புத்தகம் வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனை வரும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. இந்தத் துறையின் விருதுகள் பெரும்பாலும் ஒரு நாட்காட்டி ஆண்டில் வெளியான புத்தகங்களை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு முடிந்த கையோடு வாசலைச் சாத்துகின்றன. டிசம்பர் 15இல் புத்தகம் வந்தால், அச்சுப் பிரதி கைக்கு வரவே ஜனவரி. அதற்குள் சில கதவுகள் மூடியிருக்கும். அடுத்த ஆண்டு அனுப்பலாமே என்றால், பதிப்புரிமைப் பக்கத்தில் போன வருடம் அச்சாகியிருக்கும்.

ஆகவே பிப்ரவரி அல்லது மார்ச்சில் வெளியிடுங்கள். முழு வருடம் கையில் இருக்கும். வெயிலுக்கு முந்தைய வசந்தகாலத் திருவிழாக்களும் கிடைக்கும்.

விமர்சனப் பிரதிகளுக்கும் இதே கணக்குதான். பப்ளிஷர்ஸ் வீக்லி, புக்லிஸ்ட் மாதிரியான வணிக இதழ்கள் வெளியீட்டுக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே பிரதியை எதிர்பார்க்கும். சிறு எழுத்தாளருக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். மேற்கு எல்லைப்புறக் கதை எழுதுபவர்களின் சங்கமான வெஸ்டர்ன் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்காவின் 'ரவுண்டப்', அரிசோனாவிலிருந்து வரும் 'ட்ரூ வெஸ்ட்' ஆகிய இரண்டு இதழ்களையும் விடாதீர்கள். நம் கதையைத் தேடிப் படிக்கிற ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

3. புத்தகத்துக்கான காகிதங்கள்

ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்): இந்தியாவில் இலவசமாகக் கிடைப்பது இங்கே விலைக்கு. பவுக்கர் நிறுவனத்திடம் ஒன்று 125 டாலர், பத்து 295 டாலர். பத்தாக வாங்குங்கள்; மெல்லிய அட்டை, கெட்டி அட்டை, மின்நூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். அமேசான் இலவசமாகத் தரும் எண்ணை எடுத்துக்கொண்டால் அந்தப் பிரதியை வேறு அச்சகத்தில் போட முடியாது.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் எண் (நூலகங்கள் பட்டியலிடப் பயன்படுத்துவது): இலவசம். ஆனால் புத்தகம் வெளிவரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், வந்த பிறகு கொடுக்கவே மாட்டார்கள். நான் வெளியீட்டுக்கு மறுநாள் விண்ணப்பித்தேன். எண் இல்லாவிட்டால் நூலகங்கள் வாங்காது என்றில்லை, ஆனால் தயங்கும். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

பதிப்புரிமைப் பதிவு: ஒரே ஆசிரியர், ஒரே படைப்பு என்றால் இணையத்தில் 45 டாலர். வெளியான மூன்று மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.

4. முள்கம்பியைப் பிடுங்குங்கள்

இப்போது அந்தப் பண்ணைக்காரர். புத்தகத்தை எடுத்தார், நடுவில் பிரித்தார், நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு என் முன்னால் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார். நகத்தில் கிரீஸ் இருந்தது. அந்த வரியில் என் சமையல்காரன் முள்கம்பி வேலியைத் தாண்டும்போது கால்சட்டையைக் கிழித்துக்கொள்கிறான்.

"இது எந்த வருஷம்?" என்றார்.

"1871."

"கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினது 1874. நல்லா இருக்கு, வாங்கிக்கிறேன். ஆனா இதை மாத்திடுங்க."

காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கார் டிக்கியில் அதே வரியோடு நாற்பது பிரதிகள் கிடந்தன.

இந்த வகை நாவலின் வாசகர்கள் பலர் அந்த மண்ணிலேயே மாடு வளர்ப்பவர்கள், துப்பாக்கி சேகரிப்பவர்கள், கோட்டைகளில் தன்னார்வலராகப் பழைய ராணுவ உடை போட்டு நிற்பவர்கள். விருது நடுவர்களும் பெரும்பாலும் சக எழுத்தாளர்கள். ஒரு தவறான துப்பாக்கி போதும், மீதி 300 பக்கத்தையும் சந்தேகத்தோடு படிப்பார்கள். நம் ஊர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது தப்பென்று தெரிந்தால் மாட்டின் மற்றப் பெருமை எதுவும் எடுபடாதல்லவா, அதே கதை.

அச்சுக்கு முன் குறைந்தது இவற்றைச் சரிபாருங்கள்: துப்பாக்கி மாதிரிகள் (பீஸ்மேக்கர் எனப்படும் கோல்ட் ரிவால்வர், 73 மாடல் வின்செஸ்டர், இரண்டுமே 1873), வேலி, ரயில்பாதை அந்த ஊருக்கு வந்த வருடம், தந்திக் கம்பி, பழங்குடிகளின் பெயர்கள், அவர்கள் அப்போது எந்த நிலத்தில் இருந்தார்கள் என்பது. டெக்சாஸ் என்றால் டெக்சாஸ் வரலாற்றுச் சங்கத்தின் 'ஹேண்ட்புக் ஆஃப் டெக்சாஸ்' இணையத்தில் இலவசம். மாவட்ட அருங்காட்சியகங்களின் ஆவணக் காப்பாளர்களிடம் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்துக் கேளுங்கள். மறுக்காமல் படித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நன்றிப் பக்கத்தில் பெயர் போட்டால் போதும். கடைக்குள் நுழைய இதுவே பின்னால் வழியாகிவிடும்.

5. கடைக்காரர் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம்

நான் ஏறிய முதல் நான்கு புத்தகக் கடைகளிலும் இதே பதில். ஐந்தாவது கடையில் ஒரு அம்மா கணினியில் என் புத்தகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தள்ளுபடி குறைவு, திருப்பி எடுக்கப்பட மாட்டாது என்று அதில் இருந்தது. "இப்படி இருந்தா யாரும் ஆர்டர் போட மாட்டாங்க" என்றார். அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்கப் புத்தகக் கடைகள் இன்கிராம் என்ற மொத்த விநியோகஸ்தர் வழியாக வாங்குகின்றன. விற்காததைத் திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கான அவர்களின் இணையச் சேவை இன்கிராம்ஸ்பார்க். அதில் புத்தகத்தை ஏற்றும்போது தள்ளுபடி 55 சதவீதம், திருப்பி எடுத்துக்கொள்ளப்படும் என்று இரண்டையும் தேர்ந்தெடுத்தால்தான் கடையில் பேச்சே ஆரம்பிக்கும். அமேசானில் மட்டும் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். எதிரியின் சரக்கைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி பார்ப்பார்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். அட்டை விலை 18.99. கடை, விநியோகஸ்தர் பங்கு 55 சதவீதம் போக 8.55. அச்சுச் செலவு ஐந்தரை. மிச்சம் மூன்று டாலர். இதில் ஒரு பெட்டிப் பிரதிகள் திரும்பி வந்தால் அந்த மொத்த விலையும் நம் கணக்கில் பிடிக்கப்படும். ஒரு கடை முப்பது பிரதி வரவழைத்து, மூன்று விற்று, 27ஐத் திருப்பியது. அந்த மாத அறிக்கையை நான் மனைவியிடம் காட்டவில்லை.

அதனால் நிகழ்ச்சிக்கு முன் கடையிடம் சொல்லிவிடுங்கள்: எட்டு, பத்து பிரதி வரவழையுங்கள், போதாவிட்டால் என் காரில் இருப்பதை விற்ற பின் காசு என்ற முறையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பங்கு எழுத்தாளருக்கு 60, கடைக்கு 40. எத்தனை பிரதி, என்ன பங்கு, எப்போது பணம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

6. புத்தகக் கடையை விட அருங்காட்சியகக் கடை

இது என் சொந்தத் தீர்ப்பு. புத்தகக் கடைக்கு வருபவர் எதையோ தேடி வருகிறார். கோட்டைக்கோ கௌபாய் அருங்காட்சியகத்துக்கோ வருபவர் நம் கதை நடந்த உலகத்தை இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மனசு நிறைந்து, கடை வழியாக வெளியே வருகிறார். அங்கே ஒரு மேசை, ஒரு எழுத்தாளர், அதே தடத்தைப் பற்றி ஒரு நாவல். ஒரே சனிக்கிழமையில் 22 பிரதி விற்றது அப்படி ஓரிடத்தில்தான்.

உங்கள் கதைக்களத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். சிஷோம் தடம் என்றால் ஓக்லஹோமாவின் டங்கனில் அதற்கென்றே ஒரு மையம் உண்டு. பண்ணை வாழ்க்கை என்றால் லப்பக்கில் நேஷனல் ராஞ்சிங் ஹெரிடேஜ் சென்டர். படைவீரர் கதை என்றால் சான் ஆஞ்சலோவின் ஃபோர்ட் கான்சோ.

ஃபோர்ட் டேவிஸ் போல தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கும் கோட்டைகள் வேறு ரகம். அங்கே கடையை நடத்துவது வெஸ்டர்ன் நேஷனல் பார்க்ஸ் அசோசியேஷன் போன்ற லாப நோக்கற்ற சங்கங்கள். புத்தகம் அந்த இடத்தோடு பொருந்துகிறதா, தகவல் சரியா என்று பார்த்த பிறகே அலமாரிக்குப் போகும். மாதக் கணக்கில் ஆகும். நாவலை எல்லா இடத்திலும் எடுப்பதும் இல்லை. ஒரு பிரதி, ஒரு பக்கக் கடிதம், கதை எந்த இடத்தில் எந்த வருடம் நடக்கிறது என்ற விவரம் அனுப்பிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

தேதி பிடிக்கும்போது இரண்டு சனிக்கிழமைகளைத் தவிர்க்கவும். ஒன்று, அக்டோபரில் டாலஸில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் மோதும் அமெரிக்கக் கால்பந்து நாள். அன்று இரு மாநில எல்லையான சிவப்பு ஆற்றின் இரு கரையிலும் டிவி இல்லாத இடத்தில் ஈ காக்கை இருக்காது, நான் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று நவம்பர் முதல் சனிக்கிழமை, டெக்சாஸில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாள். நம் வாசகர் காட்டில் இருப்பார். ஜூலை மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தேசிய கௌபாய் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அருங்காட்சியகங்கள் ஏதாவது நிகழ்ச்சி வைக்கும், ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள்.

7. விற்பனை வரி: அசட்டையாக இருந்தால் வலிக்கும்

நீங்களே காசு வாங்கி விற்றால் டெக்சாஸில் விற்பனை வரி அனுமதி வேண்டும். மாநில வரியை வசூலிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் இலவசம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வரி மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு அதிகபட்சம் 2, ஆக 8.25 சதவீதம்.

சில்லறைத் தகராறு வேண்டாம் என்று 'வரி உட்பட 20 டாலர்' என்று மேசையில் எழுதி வைத்தேன். அதில் 18.48 என் விலை, 1.52 வரி. எழுதி வைக்காமல் மொத்தமாக வாங்கினால் பிறகு கணக்குச் சொல்ல முடியாது.

பொறி எங்கே என்றால், ஒரு பிரதிகூட விற்காத காலாண்டிலும் பூஜ்யம் என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் 50 டாலர் அபராதம், வரி எதுவும் பாக்கி இல்லாவிட்டாலும். நான் கட்டினேன்.

கடையே கல்லாவில் போட்டு விற்றால் வரி அவர்கள் பொறுப்பு. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் அந்த மாநில விதி. நிகழ்ச்சி அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டால் எந்தப் படிவம் என்று சொல்வார்கள். வருமான வரிக்கு ஷெட்யூல் சி என்ற சுயதொழில் படிவம். பெட்ரோல் மைல், மேசைக் கட்டணம், விருதுக்கு அனுப்பிய பிரதிகள் எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். நிகர லாபம் 400 டாலர் ஆனாலே சுயதொழில் வரி 15.3 சதவீதம் ஒட்டிக்கொள்ளும்.

8. மேசையில்

ஒரு ஒட்டுத்தாள் கட்டு வைத்துக்கொண்டு, வாசகரின் பெயரை அதில் எழுதிக் காட்டிய பிறகே புத்தகத்தில் எழுதுங்கள். கேட்டி என்று காதில் விழுவதை அமெரிக்கர்கள் ஆறு விதமாக எழுதுகிறார்கள். நான் ஊகித்து எழுதி ஒரு பிரதியை வீணடித்தேன். தடித்த மார்க்கர் பின்பக்கம் ஊறும். ஓவியக் கடையில் கிடைக்கும் நிறமி மை பேனா நல்லது. வங்கிக் கையெழுத்தைப் போடாதீர்கள், புத்தகத்துக்கென்று வேறு ஒன்று பழகுங்கள். நான் கீழே தமிழிலும் பெயர் எழுத ஆரம்பித்தேன். ஓட்டிப்போகும் மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அதைக் காட்டுவதற்கே இன்னொருவரைக் கூட்டி வந்தார்.

உட்காராதீர்கள், நில்லுங்கள். போனைத் தொடாதீர்கள். நீங்கள் ஏன் கௌபாய் கதை எழுதினீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு இரண்டு வரியில் பதில் தயாராக இருக்கட்டும். "எங்க ஊர்லயும் கொம்பு பெரிசான மாடுதான்" என்று போனில் ஒரு காங்கேயம் காளையின் படத்தைக் காட்டுவேன். போனைத் தொட அது ஒன்றுதான் விதிவிலக்கு.

9. விருதுகள்: மூன்று போதும்

முதல் வருடம் ஏழு விருதுக்கு அனுப்பினேன். அதில் நான்கு வெறும் வியாபாரம் என்று பிறகுதான் தெரிந்தது. அடையாளம் சொல்கிறேன்: நூற்றுக்கணக்கான பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் 75, 100 டாலர், நடுவர் யாரென்று தெரியாது, பாதிப் பேருக்கு ஏதோ ஒரு பதக்கம், பிறகு ஸ்டிக்கர் வாங்கச் சொல்லி மின்னஞ்சல். கடைக்காரர்கள் அந்த ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வகை நாவலுக்கு உண்மையில் எடை உள்ளவை சிலவே.

ஸ்பர் விருது. வெஸ்டர்ன் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா 1953 முதல் கொடுத்துவருகிறது. வரலாற்று நாவல், மரபான வெஸ்டர்ன், முதல் நாவல் எனப் பிரிவுகள். பிரிவின் வரையறையை இரண்டு முறை படியுங்கள். பிரிவு மாறினால் நல்ல புத்தகமும் தோற்கும். பிரதிகளை அலுவலகத்துக்கு அனுப்பாமல் நடுவர்களுக்கே தனித்தனியாக அஞ்சல் செய்ய வேண்டும். அதனால் ஒரு பிரிவுக்கு மூன்று நான்கு பிரதிக்கான செலவை எடுத்து வையுங்கள்.

வெஸ்டர்ன் ஹெரிடேஜ் விருது. ஓக்லஹோமா சிட்டியின் தேசிய கௌபாய் அருங்காட்சியகம் 1961 முதல் தருவது. குதிரைமேல் கௌபாய் இருக்கும் வெண்கலச் சிலை, 'ராங்ளர்' என்பார்கள். நாவலுக்கு ஒரே பரிசு. போட்டி கடுமை.

வில்லா இலக்கிய விருது. விமன் ரைட்டிங் தி வெஸ்ட் அமைப்பு, எழுத்தாளர் வில்லா கேதரின் பெயரில் தருகிறது. கதை மேற்கில் நடக்க வேண்டும், பெண்களையோ சிறுமிகளையோ மையமாகக் கொண்டிருக்க வேண்டும். என் சமையல்காரன் ஆண், ஆகவே தகுதியில்லை. விதியைப் படிக்காமல் அனுப்பி நுழைவுக் கட்டணத்தை இழந்தேன்.

வில் ராஜர்ஸ் மெடாலியன் விருதும் உண்டு. டெக்சாஸ் கதை என்றால் டெக்சாஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் லெட்டர்ஸின் புனைவுப் பரிசுகளையும் பாருங்கள். டெக்சாஸில் பிறந்திருக்கத் தேவையில்லை, கதை டெக்சாஸைப் பற்றியதாக இருந்தாலும் போதும்.

அஞ்சலில் ஒரு பொறி. புத்தகங்களுக்கான மீடியா மெயில் மலிவு, ஒரு நாவல் நாலைந்து டாலரில் போகும். ஆனால் கிறிஸ்துமஸ் நெரிசலில் ஆமை வேகம், உள்ளே தனிப்பட்ட கடிதமோ விளம்பரமோ வைக்கவும் கூடாது. நவம்பர் நடுவுக்குள் அனுப்புங்கள். அதற்குப் பிறகு என்றால் ப்ரையாரிட்டி மெயில். கடைசித் தேதி என்பது முத்திரை விழும் தேதியா, கைக்குப் போய்ச் சேரும் தேதியா என்று ஒவ்வொரு விதியிலும் பாருங்கள். தடமறியும் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கட்டணமும் தேதியும் வருடா வருடம் மாறும், போன வருடத் தாளை நம்பாதீர்கள்.

10. பெயர் வந்தால்

இறுதிப் பட்டியலில் வந்தாலே அருங்காட்சியகக் கடைகளுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள், அதே வாரத்தில். ஆறு மாதம் பதில் போடாத ஓரிடம் அப்படி ஒரு செய்திக்குப் பிறகுதான் எனக்குத் தேதி கொடுத்தது. அட்டையை மாற்றி அச்சடிக்க அவசரப்படாதீர்கள், ஸ்டிக்கர் போதும். இறுதிப் பட்டியலில் இருந்துவிட்டு வெற்றியாளர் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வட்டம் சின்னது.

பெயர் வெளியான மறுவாரம் போன் வரும். உங்கள் நாவலைப் படமாக்க ஸ்டுடியோ துடிக்கிறது, திரைக்கதைச் சுருக்கத்துக்கு 2,000 டாலர் மட்டும் கட்டுங்கள் என்று அன்பாகப் பேசுவார்கள். போனை வைத்துவிட்டு, எழுத்தாளர்களைக் குறிவைக்கும் மோசடிகளை அம்பலப்படுத்தும் 'ரைட்டர் பிவேர்' தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

ஒரு பழக்கம் மட்டும் இன்றே வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, எத்தனை விற்றது, எந்த ஊர், எவ்வளவு வரி என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். காலாண்டுக் கணக்கு என்றால் தேதிகள் ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20. என் நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று பிரதி என்றுதான் இருக்கிறது, பக்கத்தில் 'முள்கம்பி, பக்கம் 142' என்று ஒரு குறிப்போடு.